இரண்டு கையெழுத்து

அன்புள்ள கல்லாக்காரிக்கு,

நான் சுகம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். படுத்துவிடவில்லை என்று மட்டும் எழுதுகிறேன். நீயும் மகளும் பேத்தியும் நலமாக இருக்க வேண்டும். ஃபோன் செய்தால் மகளிடம் கொடுத்துவிடுகிறாய், அதனால்தான் இந்தக் கடிதம்.

நம் பார் இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது. மேசைகளின் மேல் நாற்காலிகளைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். பின்வாசல் வழியாகச் சாப்பாட்டுப் பார்சல் மட்டும் கொடுக்கிறேன். ஆமாம், தொற்று தொடங்கியபோதே நீ சொன்ன அதே பார்சல்தான். "அடுப்படியோட நிறுத்திக்க, பார் விஷயத்துல மூக்கை நுழைக்காதே" என்று வாடிக்கையாளர்கள் முன்னால் கத்தினேன். நீ சாவிக்கொத்தைக் கல்லா மேல் வைத்துவிட்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டாய். அந்தப் பேச்சை எப்படித் திரும்ப எடுப்பது என்று தெரியாமலேயே இத்தனை மாதம் ஓடிவிட்டது.

குழம்பு இப்போது நான்தான் வைக்கிறேன். தினமும் வாங்குகிற மருந்துக்கடைக்காரர், "அண்ணி எப்ப வருவாங்க?" என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டார். குழம்பைப் பற்றி வாயே திறக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். மதுபான லைசன்ஸ் நம் இருவர் பேரிலும் இருக்கிறதே, புதுப்பிக்க நீயும் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று மகளிடம் சொல்லியிருந்தேன். "வர்றேன், போட்டுட்டு அன்னைக்கே திரும்பிடுவேன்" என்று நீ சொன்னதாகச் சொன்னாள். அதுவே போதும் என்று வெள்ளைச் சட்டையைத் தேய்த்து வைத்தேன். என் கையெழுத்து பழையதோடு ஒத்துப்போகிறதா என்று வருடா வருடம் ஒரு பில்லின் பின்பக்கம் போடவைத்துப் பார்ப்பாய். வேலை முடிந்ததும் லைசன்ஸ் அலுவலகத்தின் எதிர்க்கடையில் சாப்பிடுவோம். யாரோ சமைத்து யாரோ பரிமாறுகிற சாப்பாடு உனக்கு வருடத்தில் அந்த ஒரு நாள்தான். அதைக்கூட இப்போதுதான் யோசிக்கிறேன்.

நேற்று விசாரிக்க அலுவலகம் போனேன். நொடித்துப்போன பார்களுக்கும் உணவகங்களுக்கும் சலுகையாம். இந்த வருடம் கட்டணமும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது, லைசன்ஸ் தானாகவே நீடிக்குமாம். "ரெண்டு பேரும் வரணுமே?" என்று மறுபடி மறுபடி கேட்டேன். "வர வேணாம்னா சந்தோஷமா போங்களேன் சார்" என்றார் காவலாளி. மற்ற பார்க்காரர்கள் ஒருவருக்கொருவர் ஃபோன் போட்டுக் கொண்டாடுகிறார்கள். எனக்கு வந்த ஃபோன்களை மட்டும் நான் எடுக்கவில்லை.

உன்னிடம் மறைத்துவிடலாமா என்று நினைத்தேன். வந்து இறங்கியபிறகு தெரிந்தால் திட்டிவிட்டுப் போகட்டும் என்றும் நினைத்தேன். மனசு ஒப்பவில்லை. அன்றைக்குக் கத்தியது போதாதென்று பொய்யும் சொல்லி உன்னை வரவழைக்க வேண்டாம்.

அதனால் கையெழுத்துக்காக நீ வர வேண்டியதில்லை. எதிர்க்கடையை மட்டும் திறந்துவிட்டார்கள், வாசலில் இரண்டு மேசை போட்டிருக்கிறார்கள். கையெழுத்துக்குக் குறித்திருந்த அதே தேதியில் நான் வெள்ளைச் சட்டை போட்டு அங்கே உட்கார்ந்திருப்பேன். சாவிக்கொத்து நீ வைத்த இடத்திலேயே இருக்கிறது. நான் மாற்றுச் சாவியில்தான் திறந்து பூட்டுகிறேன்.

மகளுக்கும் பேத்திக்கும் என் ஆசிகள். உனக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. வந்துவிடு.

இப்படிக்கு,
உன் பார்க்காரன்