கோபத்தால் வந்ததல்ல

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்தான், ஆனால் எரிச்சலில் இருக்கிறேன். இரத்த அழுத்தம் இறங்கவில்லை என்று கிரேன் ஓட்ட விடாமல் என்னைக் கிடங்கில் உட்கார வைத்துவிட்டார்கள். உப்பைக் குறைத்துக் குறைத்து நாக்கே செத்துப்போனது. "கோபத்தைக் குறைப்பா" என்று மேஸ்திரி சொல்லிச் சொல்லியே எனக்குக் கோபம் வந்தது.

இன்று டாக்டர் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, "சிறுநீரகத்துக்கு மேல இருக்கிற சுரப்பி ஒரு ஹார்மோனை அதிகமா சுரக்குது, அதான் பிரஷர் இறங்கல. சில குடும்பங்கள்ல இது பரம்பரையா வரும். உங்கப்பாவுக்கு இருந்துச்சா?" என்று கேட்டார்.

இளம் வயதிலேயே பக்கவாதத்தில் போன அப்பாவை, முன்கோபத்தால் போனார் என்றே நாம் பழித்தோம், அம்மா.

எனக்கு மாத்திரையிலேயே அடங்குமாம். தம்பியை நீயே கூட்டிப்போய்ப் பரிசோதனை செய்ய வை, சொன்னால் கேட்கமாட்டான். முடிவை உன் கைப்பட எழுது, உன் எழுத்தைப் பார்த்து நாளாயிற்று. வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

உன் மூத்தவன்