பதினேழாம் கேள்வி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் இருக்கிறோம். நலமாக இருக்கிறோம் என்று எழுதுவதுதான் முறை. இருக்கிறோம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

உன் எண்ணுக்குக் கூப்பிட்டால் மூன்று மாதமாக ஒரே பதிவுக் குரல்தான் பேசுகிறது. அதனால் உன் புது அலுவலக முகவரிக்கு இதை அனுப்புகிறேன். முகவரியை யார் சொன்னார்கள் என்று யாரையும் சந்தேகப்படாதே. மருத்துவமனையில் எங்கள் வார்டில் தரை துடைக்கும் அம்மா, நீ இப்போது இருக்கும் ஊரில் வேலை கிடைத்திருக்கும் தன் மகளுக்காக வாடகை வீடு தேடிக்கொண்டிருந்தாள். "சிஸ்டர், இது உங்க தம்பிதானே? போட்டோல நல்லா இருக்காரே" என்று போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். நீலக் கோட்டு போட்டுக் கைகட்டி நின்றாய். கீழே, 'உரிமம் பெற்ற வீட்டு முகவர். நம்பி வாருங்கள்' என்று போட்டிருந்தது. அதற்கும் கீழே உரிம எண். அந்த எண்ணைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அது திரையில் வந்தபோது முதலில் பார்த்தவள் நான்தானே.

உனக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்கவில்லை. செல்போன் கடை சரிப்படாமல், கூரியர் வேலை சரிப்படாமல், வீட்டு புரோக்கர் வேலைக்குப் போகிறேன் என்று நீ சொன்னபோது எனக்கு ஒரே சந்தோஷம். உன் வாய்க்கு ஏற்ற வேலை என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தேன். ஐந்து நாள் வகுப்பு, இருபத்தைந்து கேள்வி, வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் எழுதும் பரீட்சை, அவ்வளவுதான். அந்த ஐந்து நாளில் நீ இரண்டு நாள்தான் போனாய். பாடப் புத்தகத்தை நான்தான் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் படித்தேன். ஊசி போடும் உரிமைக்காக நான்கு வருடம் படித்தவளுக்கு அந்த ஒல்லிப் புத்தகம் எம்மாத்திரம்?

பரீட்சையன்று உன் மேஜையில் நான் உட்கார்ந்தேன். 'இதை எழுதுபவர் நானே என உறுதி கூறுகிறேன்' என்ற கட்டத்தை நான் அழுத்தினேன். நீ பக்கத்து அறையில் யாரோ ஒரு வாடிக்கையாளரிடம், உரிமம் கைக்கு வந்துவிட்டதாகவே பேசிக்கொண்டிருந்தாய். ஒருமுறையாவது வந்து கேள்விகளைப் பாருடா என்று கூப்பிட்டேன். "நீ படிச்சா நான் படிச்ச மாதிரிதான்க்கா" என்றாய். எனக்கு அது அன்று இனித்தது.

பதினேழாம் கேள்வியை இங்கே எழுதுகிறேன். நீ இன்னும் படித்திருக்க மாட்டாய். 'விற்பனைக்கு வந்த வீட்டில் உயிருக்கு ஆபத்தான குறை இருப்பது முகவருக்குத் தெரியவந்தால் அவர் என்ன செய்ய வேண்டும்?' நான்கு விடைகள் கொடுத்திருந்தார்கள். வாங்குபவரிடம் எழுத்து மூலம் சொல்ல வேண்டும் என்பதை நான் தேர்ந்தெடுத்தேன். இருபத்தைந்துக்கு இருபத்து நான்கு மதிப்பெண். நீ தெருமுனைக் கடையிலிருந்து கேக் வாங்கி வந்தாய். மூன்று பேரும் சாப்பிட்டோம்.

இனி, நீ கேட்க விரும்பாததைச் சொல்கிறேன். எங்கள் மருத்துவமனை மருந்துக் கடையில் இருக்கும் அக்காவை உன்னிடம் அழைத்து வந்தவள் நான். என் தம்பி என்று சொன்னதால் அவர்கள் வேறு புரோக்கரிடமே போகவில்லை. அந்த இரண்டாம் மாடி வீட்டின் பால்கனியை நீ காட்டியபோது நானும் உடன் நின்றேன். தடுப்புக் கம்பி புதுச் சாம்பல் நிறத்தில் பளபளத்தது. காலையில் காபி குடிக்க இதைவிட நல்ல இடம் உண்டா என்று நீ கேட்டாய். அவள் வீட்டுக்காரர் பஸ் டிரைவர், பெரிதாகப் பேசாத மனிதர். அவரே சிரித்துவிட்டார். குடிபோன நான்காம் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஈரப் போர்வையைக் கம்பியில் போட்டு இழுத்தவர் கம்பியோடு கீழே போனார்.

இரண்டாவது வாரமே நீ ஊரை விட்டுக் கிளம்பினாய். பழைய கட்டடம், யாருக்கென்ன தெரியும், கெட்ட நேரம் என்றாய். நானும் அப்படித்தான் நம்பினேன்.

அவர் என் வார்டில்தான் படுத்திருக்கிறார். இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் படுக்கைப் புண் வந்துவிடும். நல்ல உயரமான ஆள். தோளை ஒருத்தி, இடுப்பை ஒருத்தி பிடித்து, ஒரே மூச்சில் திருப்ப வேண்டும். திருப்பும்போதெல்லாம், "சிரமம் கொடுக்கிறேம்மா" என்பார். ஒருநாள் முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டிருந்தேன். "தம்பி எப்படி இருக்கான்? பாவம், அவனுக்கும் மனசு கஷ்டமா இருந்திருக்கும்" என்றார். நான் தலையணையைச் சரிசெய்வதுபோல அவர் முதுகுப் பக்கமே நின்றேன்.

அவர் விழுந்து மூன்று வாரம் இருக்கும். கையில் கண்ணாடி கிழித்துத் தையல் போட ஒரு பெயின்டர் வந்தார். நீ என்னைப் பற்றிச் சொல்லியிருப்பாய் போல, என் பெயர்ப் பட்டையைப் பார்த்துவிட்டு உன் அக்காவா என்று விசாரித்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "அந்த பால்கனிக்கு பெயின்ட் அடிச்சது நான்தான் சிஸ்டர். அடியில கை வச்சா துரு பொடியா உதிருது சார், வெல்டரக் கூப்பிடுங்கன்னு சொன்னேன். உங்க தம்பிதான், மேல ரெண்டு கோட் கொடுங்க, போட்டோவுல தெரியக் கூடாதுன்னாரு." சொல்லிவிட்டு, தன்மீதும் தப்புதான், கூலி வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன் என்று அழுதார். நான் ஏழு தையல் போட்டேன். கை நடுங்கவில்லை. அதை நினைத்தால்தான் இன்று எனக்கே பயமாக இருக்கிறது.

இதைத் தெரிந்துகொண்டு நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒன்றும் செய்யவில்லை. இரண்டு மாதத்துக்கு மேல் அந்த மனிதரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போட்டுக்கொண்டு, அவர் மனைவியோடு கேன்டீனில் ஒரே மேஜையில் சாப்பிட்டுக்கொண்டு, வாயைத் திறக்காமல் இருந்தேன். பூசி மெழுகுவதில் நீ மட்டும் கெட்டிக்காரன் இல்லை. ஒரே வயிற்றில்தானே பிறந்திருக்கிறோம்.

அப்போதுதான் உன் நீலக் கோட்டுப் படத்தைப் பார்த்தேன். நீ பயந்து ஒளிந்துகொண்டிருக்கிறாய், எங்கேயோ அழுதுகொண்டிருக்கிறாய் என்றெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ அதே உரிம எண்ணை வைத்துக்கொண்டு வீடு காட்டிக்கொண்டிருக்கிறாய். பதினோரு வீடுகள், ஆறு பால்கனிகள். ஒவ்வொரு படமாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். எல்லாக் கம்பிகளும் பளபளவென்றுதான் இருந்தன.

(நேற்று இந்த இடத்தில் எழுந்து போய்விட்டேன். அம்மாவுக்கு மருந்து கொடுக்கும் நேரம். இன்று தொடர்கிறேன்.)

சென்ற வியாழக்கிழமை நகர மன்ற அரங்கில் ஒரு கூட்டம் நடந்தது. வீட்டு முகவர் உரிமத்துக்கான விதிகளைக் கடுமையாக்கலாமா என்று வீட்டுவசதித் துறை பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. ஐந்து நாள் வகுப்புக்குப் பதில் ஒரு வருடப் பயிற்சி, நேரில் வந்து எழுதும் பரீட்சை, வீட்டின் குறைகளை எழுதி முகவர் கையெழுத்திட்ட பட்டியல், இதெல்லாம் வேண்டுமா வேண்டாமா என்பது பேச்சு. உன்னைப் போன்ற முகவர்கள் முதல் நான்கு வரிசையை நிறைத்திருந்தார்கள். மருந்துக் கடை அக்கா நடு வரிசையில் இருந்தாள். நான் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

உங்கள் சங்கத் தலைவர் முதலில் பேசினார். "ஒரு வருஷம் சம்பளமில்லாம பயிற்சிக்குப் போக யாரால முடியும்? வசதி உள்ளவன் வீட்டுப் பிள்ளையாலதான் முடியும். எங்கள்ல முக்கால்வாசிப் பேர் வேற வேலை கிடைக்காமதான் இதுக்கு வந்தோம். பரீட்சை நல்லா எழுதறவன்லாம் யோக்கியனா?" என்று கேட்டார். கை தட்டினார்கள். அவர் சொன்னதில் பொய் இல்லை. உன்னை நினைத்துக்கொண்டேன். ஒரு வருடம் என்று இருந்திருந்தால் நீ அந்தப் பக்கமே போயிருக்க மாட்டாய்.

அடுத்து ஒரு முடிதிருத்தும் பெண் எழுந்தாள். "எனக்கு கத்திரி பிடிக்க ஒம்பது மாசம் பயிற்சி கொடுத்துதான் விட்டாங்க. நான் தப்பா வெட்டினா ரெண்டு மாசத்துல முடி வளந்துடும். இவங்க தப்பு பண்ணினா எது வளரும்?" என்றாள். அரங்கமே சிரித்தது. எனக்கு முன்னால் இருந்த தலை மட்டும் அசையவில்லை. அந்தத் தலையைப் பார்த்துத்தான் நான் எழுந்தேன்.

ஒலிவாங்கி முன் நின்று என் பெயர், வேலை, மருத்துவமனை எல்லாம் சொன்னேன். நீங்கள் உரிமம் கொடுத்த ஒருவருக்காகப் பரீட்சை எழுதியது நான், மதிப்பெண் இருபத்து நான்கு என்றேன். உன் உரிம எண்ணையும் சொன்னேன். பால்கனியைச் சொன்னேன், பெயின்டர் சொன்னதைச் சொன்னேன், எனக்கு எப்போதிலிருந்து தெரியும் என்பதையும் சொன்னேன். கேள்விகளை மட்டும் கடினமாக்காதீர்கள், ஐம்பது கேள்வி வைத்திருந்தாலும் நானே எழுதிக் கொடுத்திருப்பேன், எழுதுகிறவன் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள் என்றேன். சங்கத் தலைவர், "இந்தம்மா ஒருத்தங்க திருட்டுத்தனம் பண்ணினதுக்கு எங்க எல்லாரையும் தண்டிப்பீங்களா?" என்று கத்தினார். அதுவும் நியாயமான கேள்விதான்.

நீ கேட்கலாம், தனியாக என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா என்று. பதிவுக் குரலிடம் முப்பது தடவை சொன்னேன்.

வெளியே படிக்கட்டில் மருந்துக் கடை அக்கா எனக்காகக் காத்திருந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இவ்வளவு தெரிஞ்சுகிட்டேதான் அவர தினமும் தொட்டுத் தூக்குனீங்களா?" என்று கேட்டாள். குரலை உயர்த்தவே இல்லை. மறுநாள் காலை வார்டுக்குப் போனால் மேற்பார்வை நர்ஸ் என்னைத் தனியே கூப்பிட்டார். அந்தப் படுக்கைக்கு இனி நான் போக வேண்டாம், குடும்பத்தார் விருப்பம் என்றார். இப்போது வார்டின் மறு கோடியில் இருக்கிறேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என் கை தானாக எழுகிறது.

அம்மா என்னோடு பேசி ஆறு நாள் ஆகிறது. கடைசியாகப் பேசியது, "பெத்தவ நானே பொறுத்துக்கிட்டேன், கூடப்பொறந்தவ சபையில காட்டிக்கொடுத்துட்டியே." சாப்பாட்டுத் தட்டை நான் வைத்தால் தொடுவதில்லை. நான் அந்தப் பக்கம் போன பிறகு எடுத்துச் சாப்பிடுகிறாள். உன் படத்தைக் காட்டினேன். இளைத்துவிட்டானே என்றாள், என்னிடம் இல்லை, படத்திடம்.

செவிலியர் குழுமத்திலிருந்து எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. என் உரிமம் போகலாம். போகட்டும் என்று எழுத வாய்வரை வருகிறது, ஆனால் அது பொய். நான்கு வருடம் படித்து வாங்கியதடா அது, என் கையால், எனக்காக. உன் உரிமத்தை இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அந்த உத்தரவு உன் கைக்கு வர இன்னும் சில நாள் ஆகும். அதற்குள் யாருக்கும் எந்த வீட்டையும் காட்டாதே. இது கெஞ்சல்.

அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி வீட்டுவசதித் துறையில் விசாரணை. பெயின்டர் வருகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். நான் போகிறேன். நீயும் வர வேண்டும். வக்கீல் எழுதிக் கொடுத்ததைப் படிக்க வராதே. அவர்கள் அந்தப் பதினேழாம் கேள்வியைக் கேட்பார்கள். இந்த முறை நீயே பதில் சொல். அது ஒன்றுதான் நான் உன்னிடம் கேட்பது. மன்னிப்பெல்லாம் அந்த வீட்டில் கேட்கலாமா, கேட்டால் கதவு திறக்குமா என்று எனக்குத் தெரியாது. எனக்கே திறக்கவில்லை.

விதிகள் மாறுமா என்று தெரியவில்லை. மாறினால் இனி வருகிற பிள்ளைகளுக்காவது பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக் கொடுக்க ஓர் அக்கா கிடைக்க மாட்டாள்.

வருகிற அன்று வெறும் வயிற்றோடு பஸ் ஏறாதே, உனக்கு ஒத்துக்கொள்ளாது. ஜன்னல் ஓரமாகக் கேட்டு உட்கார். நிலையத்தில் நான் நிற்பேன். கோட்டு வேண்டாம், சாதாரணச் சட்டையில் வா.

இப்படிக்கு,
உன் அக்கா