ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவே

2010 செப்டம்பர் 6

கண்காட்சிக்கான படங்கள் இன்று வந்து சேர்ந்தன. உலகம் முழுவதிலுமிருந்து பரிசு பெற்ற செய்திப் படங்கள். ஒக்டோபரில் சுவரில் ஏற வேண்டும். அச்சிட்டு, அலுமினியத் தகட்டில் ஒட்டிக் கொடுப்பது எங்கள் வேலை. கறுப்பு நிறம் என் பொறுப்பு. கறுப்புக்குள் இருக்கிற கறுப்பைப் பிரித்துப் பார்க்க என்னை விட்டால் ஆள் இல்லையாம். எங்கள் மேலாளர் ஜெர்மேன் சொல்கிறார். மனைவி கோசலை போன பிறகு அந்தக் கண் இன்னும் கூர்மையாகிவிட்டதாம். பாராட்டாகத்தான் சொன்னார்.

வேலை முடிந்து வந்ததும் வவுனியாவிலிருந்து மாமி, கோசலையின் தாய், தொலைபேசி எடுத்தா. எப்போதும்போல, "பிள்ளையின்ரை படத்துக்கு மாலை போட்டனீங்களோ தம்பி?" என்று கேட்டா. ஓம் மாமி என்றேன்.

போடவில்லை. ஏழு மாதமாகப் போடவில்லை. சுவரில் இருப்பது விசா அட்டைக்கு எடுத்த படம். சிரிக்கக் கூடாது என்று சொல்லி எடுத்தது. வேறு நல்ல படம் ஒன்றும் என்னிடம் இல்லை. பக்கத்தில் அவளுடைய தம்பி சேந்தனின் படம், சந்தன மாலையோடு.

2010 செப்டம்பர் 8

வெள்ளத்தில் கதவொன்றைக் கழற்றி அதில் மிதந்து போகும் குடும்பம். சுரங்க வாசலில் வரிசையாகக் கழற்றி வைத்த சப்பாத்துகள். கூரை எரிந்த பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கும் ரீச்சர். பக்கத்து மேசைப் பெடியன் நீக்கிலாஸ் இரண்டு தரம் வெளியே போய் முகம் கழுவிவிட்டு வந்தான். நான் சோதனைக்கு அச்சிட்ட துண்டை விளக்கில் பிடித்து, சப்பாத்துக்குள் விவரம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன்.

ஜெர்மேன் எல்லோரையும் கூப்பிட்டு வழக்கமான எச்சரிக்கையைச் சொன்னார். படத்தில் எதையும் தொடக் கூடாது. கமராக் கண்ணாடியில் இருந்த தூசியைக்கூட எடுக்கக் கூடாது. கண்காட்சிக்காரர் மூலப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். முன்பொரு முறை யாரோ ஒருவர் ஒரு மின்கம்பத்தை அழித்ததற்கே பரிசைப் பறித்தார்களாம்.

2010 செப்டம்பர் 10

கோசலை வந்தாள். ஆலீஸின் படங்களில் எட்டாவது.

2010 செப்டம்பர் 11

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை.

ஆலீஸ் போன வருஷம் இங்கே பாரிஸில், லாச்சப்பலில், எங்கள் ஆட்களின் வீடு வீடாக வந்து படம் எடுத்த பெண். ஊரில் சண்டை முடிந்த கிழமைகள் அவை. யார் உயிரோடு, யார் இல்லை என்று ஒருவருக்கும் தெரியாது. எங்கள் வீட்டுக்கும் வந்தாள். படங்களை அனுப்புவதாகச் சொன்னாள், அனுப்பவில்லை. அவளுக்குப் பரிசு கிடைத்தது எனக்குத் தெரியாது. படத்தைத் திறந்தேன், கோசலை நிற்கிறாள்.

எங்கள் வீட்டு மாடிப்படி. ஊர்வலத்துக்குப் புறப்படுகிறோம். சேந்தனின் மாலை போட்ட படத்தை நெஞ்சோடு அணைத்து, சால்வை நுனியால் கண்ணாடியைத் துடைக்கிறாள். வாய் திறந்திருக்கிறது, பாதிச் சிரிப்பு. படத்துக்கு வெளியே யாரையோ பார்த்து ஏதோ சொல்கிறாள். அந்த யாரோ நான்தான்.

எல்லாமே வடிவாய்த்தான் இருக்கு. அவளுடைய கைக்குள்ளே சேந்தனின் முகமும் வடிவாய், தெளிவாய் இருக்கு. அதுதான் பயம்.

அன்றைக்கு அவன் செத்துவிட்டான் என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். முப்பத்தோராம் நாள் கிரியையும் செய்தோம். போன வருஷம் செப்டம்பரில்தான் செய்தி வந்தது: இருக்கிறான். செத்துப்போன ஒரு பெடியனின் அடையாள அட்டையில், வேறு பெயரில், கொழும்பில் இருக்கிறான். யார் கேட்டாலும் செத்துவிட்டான் என்றே சொல்ல வேண்டும் என்று மாமி சொன்னா. அதனால் மாலையைக் கழற்றவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் பார்ப்பார்கள். உயிரோடு இருக்கிறவனுக்கு மாலை, செத்தவளுக்கு இல்லை. இப்படித்தான் கிடக்கு இந்த வீடு.

படத்தின் கீழே குறிப்பு: சேந்தனின் முழுப் பெயர், ஊர், "இறுதிப் போரில் கொல்லப்பட்டார்." பெயர் பிழைக்கக் கூடாது என்று ஆலீஸுக்கு ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக் கொடுத்தவள் கோசலைதான்.

அவனுடைய முகம் கொழும்பில் ஒரு பெயரில் நடமாடுகிறது. பாரிஸில் சுவரிலும் இணையத்திலும் இன்னொரு பெயரில் தொங்கப் போகிறது. ஆமிக்காக எங்கள் ஊர்வலப் படங்களைப் பெருப்பித்து ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

2010 செப்டம்பர் 13

மாமி எடுத்தா. தொலைபேசியில் சேந்தனின் பெயரைச் சொல்ல மாட்டா. அவனுக்குப் பெயர் மோட்டச்சைக்கிள்.

"மோட்டச்சைக்கிள் ஓடுதோ மாமி?"

"ஓடுது, ஓடுது. ஆனா வெளியிலை எடுக்கிறது குறைவு. றோட்டெல்லாம் மறிச்சுப் பாக்கிறாங்கள்."

"விக்கிறதுக்கு ஆள் பாத்தாச்சோ?"

"தை மாசத்துக்குப் பிறகுதான் ஏதும் சரிவருமாம். கவனமா மூடி வைக்கச் சொல்லியிருக்கு."

விற்பது என்றால் வெளிநாட்டுக்கு அனுப்புவது. தை மாதம்வரை. கண்காட்சி ஒக்டோபரில். படத்தைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. எந்தச் சாமானின் பெயரை வைத்து அதைச் சொல்வது?

2010 செப்டம்பர் 14

நீக்கிலாஸ் சாப்பிடப் போன நேரம் எட்டாவது படத்தைத் திறந்தேன். கண்ணாடியில் வெளிச்சம் தெறித்த மாதிரி சேந்தனின் முகத்தின் மேல் ஒரு வெள்ளைப் பூச்சுப் போட்டுப் பார்த்தேன். அந்த அளவு வேலை எனக்குத் தெரியும். பார்க்கிறவர்கள் வெளிச்சம் என்றே நினைப்பார்கள்.

ஆனால் கோசலையின் பெருவிரல் அவன் கன்னத்தில் கிடக்கு. முகத்தை மறைத்தால் விரல் நுனியும் சேர்ந்து போகுது. எப்பிடிச் சுத்தி வந்தாலும் போகுது.

பழையபடி ஆக்கிவிட்டு இருந்தேன். பிறகுதான் மற்றதும் உறைத்தது. ஒப்பிட்டுப் பார்த்துக் கண்டுபிடித்தால் ஆலீஸின் பரிசு போகும். எந்த முகத்தை, ஏன் மறைத்தான் என்று எல்லாப் பத்திரிகையும் எழுதும். அவனை ஒளிக்கப் போய் நானே ஊருக்குக் காட்டிக் கொடுத்துவிடுவேன்.

2010 செப்டம்பர் 15

யாரிட்டைச் சொல்லுறது? அவன் இருக்கிறான் எண்டு ஒருத்தருக்குச் சொன்னாலே தெரிஞ்ச ஆள் ஒண்டு கூடத்தானே.

2010 செப்டம்பர் 17

ஆலீஸின் படங்களை மட்டும் நான் ஏன் இழுத்தடிக்கிறேன் என்று ஜெர்மேன் கேட்டார். பிறகு எட்டாவதைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தார். கோசலையின் செத்தவீட்டுக்கு வந்தவர் அவர். ஆலீஸின் தொலைபேசி இலக்கத்தை எழுதித் தந்தார். மனைவியின் படம் என்பதால் தவிக்கிறேன் என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும்.

2010 செப்டம்பர் 18

லாச்சப்பலில் ஒரு தேத்தண்ணிக் கடையில் சந்திப்பதாகச் சொல்லியிருந்தேன். என்ன மடைத்தனம். உள்ளே முழுக்க எங்கடை ஆக்கள். பலசரக்குக் கடை இராஜேந்திரன் அண்ணை வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "என்ன தம்பி, மெலிஞ்சு போனாய். ஆர் உந்த வெள்ளைப் பிள்ளை?" வேலையிடத்து ஆள் என்றேன். நம்பவில்லை. "வேலையிடம் நல்லாயிருக்கட்டும்" என்று சிரித்தார்.

ஆலீஸைக் கூட்டிக்கொண்டு தண்டவாளங்களுக்கு மேலே இருக்கிற பாலத்துக்குப் போனேன். கார் து நோர் நிலையத்து ரயில்கள் எல்லாம் அதன் கீழேதான் போகும். ரயில் போகிற சத்தத்தில் மட்டும் பேசினேன். சத்தம் நின்றதும் நிறுத்தினேன். அவளும் பழகிக்கொண்டாள்.

கோசலை போனது அவளுக்குத் தெரியாது. மூளையில் நரம்பு வெடித்தது, காலையில் கதைத்தவள் பின்னேரம் இல்லை என்றேன். பாலத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். படத்தை எடுத்துவிட வேண்டும் என்றேன். சுவரிலிருந்து, புத்தகத்திலிருந்து, இணையத்திலிருந்து. அதைக் காணத் துக்கமாக இருக்கிறதா என்று கேட்டாள். துக்கம் என்று சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் அந்தப் படம் எனக்குத் துக்கம் இல்லை. அவளை உயிரோடு காட்டுவது அது ஒன்றுதான். அதைப் பொய்யாகச் சொல்ல வாய் வரவில்லை.

"என் துக்கம் இல்லை. அவள் கையில் இருக்கிற முகம்."

ஆலீஸ் கீழே தண்டவாளத்தைப் பார்த்தாள்.

"அவர் இறந்துவிட்டார் என்றுதானே கோசலை சொன்னார்?"

"அப்போது அப்படித்தான்."

"இப்போது?"

ரயில் வந்தது. அந்தச் சத்தத்திலும் நான் வாயைத் திறக்கவில்லை. நீண்ட ரயில். அது போய் முடிந்ததும், "நான் எதையும் கேட்கவில்லை" என்றாள். பிறகு கேட்டாள்: "உங்களிடம் இந்தப் படம் இருக்கிறதா?"

"இல்லை."

"ஒன்றே ஒன்று அச்சிடுங்கள். அதன் பிறகு அழித்துவிடுங்கள். கண்காட்சிக்காரருக்கு நான் சொல்கிறேன்."

வீடு வரும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்தேன். ஒருத்தருக்கும் தெரியாதது இப்போது ஒரு வெள்ளைக்காரிக்குத் தெரியும். சிநேகிதரிடம் சொல்லுவாளோ? எங்கையும் எழுதுவாளோ? ஏன் சொன்னனான்?

2010 செப்டம்பர் 21

அச்சிட்டேன். என் வாழ்நாளில் போட்ட மிக நல்ல கறுப்பு. அவள் தலைமயிர் ஒவ்வொன்றாகத் தெரிகிறது. பார்த்தது கொஞ்ச நேரம்தான். முகம் உள்ளே வரச் சுருட்டிக் குழாயில் போட்டு வாயை ஒட்டினேன். அலுமாரிக்கு மேலே, பெட்டிகளுக்குப் பின்னால் இருக்கிறது. இனித் திறக்கக் கூடாது.

2010 ஒக்டோபர் 7

திறப்பு நாள். போகாமல் இருக்கத்தான் நினைத்தேன். கால் போனது.

ஆலீஸின் சுவரில் ஏழாவது படம், பிறகு வெறும் சுவர், பிறகு ஒன்பதாவது. நெருக்கி வைக்க அவள் விடவில்லையாம். மேலே விளக்கும் எரிகிறது. குறிப்பில் ஒரு வரிதான்: "இந்தப் படம் காட்டப்படவில்லை." சனம் வெள்ளத்தையும் சுரங்கத்தையும் பார்த்துக்கொண்டு வந்து, அந்த வெளிச்சத்துக்கு முன்னால் வந்ததும் குரலைக் குறைக்கிறது.

அங்கே ஒரு ஆள் நின்றார். ஐம்பது வயதிருக்கும், எங்கள் நிறம், கோட்டுப் போட்டவர். வெறும் சுவரைக் கமராவால் எடுத்தார். கொஞ்சம் விலகி இன்னொன்று எடுத்தார். திரும்பி என்னைப் பார்த்தார். தமிழனா என்று கேட்டார். நேரே என்னிடம் வந்தார். ஓடினால் சந்தேகம், நின்றாலும் சந்தேகம்.

"தம்பி, ஒரு உதவி பண்ணுவீங்களா? நாங்க பாண்டிச்சேரிங்க. மார்செல்னு பேரு. எங்க சம்சாரத்தோட ஒரு போட்டோ எடுக்கணும். இங்கதான் லைட் நல்லா விழுது, மத்த எடமெல்லாம் ஒரே இருட்டு."

அவர் மனைவி ஆன்ஜெலிக் அதற்குள் சீலையைச் சரிசெய்து, கோசலை நிற்க வேண்டிய இடத்தில் நின்றா. "செத்தவங்க படத்துக்கு நடுவுல நின்னு போட்டோ எடுக்கிற ஆளு இவருதான். நீங்களே சொல்லுங்க தம்பி" என்றா. அவர், "இங்கதான் படமே இல்லையே" என்றார்.

எடுத்துக் கொடுத்தேன். படம் ஆடியிருந்தது. இன்னொன்று எடுக்கச் சொன்னார். அதுவும் ஆடியது. பரவாயில்லை என்று என் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

2011 மார்ச் 17

தை போய்விட்டது. மாசியும் போய்விட்டது. மாமி எடுக்கவில்லை.

2011 மார்ச் 20

மாமி: "மோட்டச்சைக்கிளை எங்கை விட்டதெண்டு தெரியேல்லைத் தம்பி."

அதற்கு மேல் கதைக்க முடியாமல் வைத்துவிட்டா.

2011 மார்ச் 21

ஆலீஸ்தான். இல்லாவிட்டால் ஆர்? நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். படம் சுவரில் தொங்கினாலும் ஒருத்தரும் கவனிச்சிருக்க மாட்டினம். நான் போய்ச் சொன்னபடியால்தான். கோசலைக்கு நான் என்ன மறுமொழி சொல்லுறது?

2011 யூன் 2

ஆலீஸ் தொலைபேசியில் கூப்பிட்டாள். நான் எடுக்கவில்லை. ஒரு செய்தி விட்டிருந்தாள்: கோசலையை நினைத்ததாக, வேறு ஒன்றுமில்லை என்று. சேந்தனைப் பற்றி ஒரு சொல் இல்லை. கேட்டுக்கொண்டிருந்தபோது, இவள் ஒருவருக்கும் சொல்லியிருக்க மாட்டாள் என்று பட்டது. பிறகு, அப்படித்தானே கதைப்பார்கள் என்றும் பட்டது.

2011 நவம்பர் 14

இன்றும் ஒன்றும் இல்லை. அவனுடைய மாலையில் தூசி. துடைத்தேன். இந்த மாலை பொய்யாகத்தான் இருக்க வேணும். பொய்யாகவே இருக்கட்டும்.

2012 ஏப்ரல் 21

காலை. தெரியாத இலக்கம், பிரான்ஸ் இலக்கம். எடுக்கப் பயந்து இரண்டு தரம் விட்டேன். மூன்றாம் தரம் எடுத்தேன்.

"அத்தான்."

போய் ஜன்னலைச் சாத்தினேன்.

"அத்தான், மோட்டச்சைக்கிள் கார் து நோரிலை நிக்குது. பெற்றோல் இல்லை. தள்ளிக்கொண்டு போக வருவியளோ?"

சிரிக்கிறான், படுபாவி.

2012 ஏப்ரல் 22

நேற்று முழுக்கத் தூங்கினான். மெலிந்து, தாடியோடு, ஆளே வேறு. மாதக் கணக்காய் ஒரு நாட்டில் ஒளித்திருந்தானாம், கூட்டி வந்தவர்கள் தாயோடுகூடக் கதைக்க விடவில்லையாம். அதற்கு மேல் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இனி அகதி விண்ணப்பத்தில் அவனுடைய சொந்தப் பெயரையே எழுதலாம்.

எழும்பியதும் சுவரைப் பார்த்தான். தன் படத்தையும் மாலையையும் பார்த்து, "நல்லாத்தான் அனுப்பி வைச்சிருக்கிறியள்" என்றான். பிறகு அக்காவின் விசாப் படத்தைப் பார்த்தான். அதற்குப் பகிடி விடவில்லை.

அலுமாரிக்கு மேலிருந்து குழாயை எடுத்தேன். சுருள் விரிய மாட்டேன் என்றது. நான்கு மூலையிலும் தேத்தண்ணிக் கோப்பைகளை வைத்து விரித்தோம். கறுப்பு அப்படியே இருந்தது.

சேந்தன் அக்காவின் முன்னால் முழங்காலில் இருந்தான். அக்காவின் கைக்குள் தான் செத்துப்போய் இருப்பதைக் கனநேரம் பார்த்தான்.

"அக்கா என்ன சொல்லுறா இதிலை?"

இவ்வளவு காலமும் என்னிடம் ஒருவரும் கேட்காத கேள்வி.

"'இஞ்சேருங்கோ, கதவைப் பூட்டிப்போட்டு வாங்கோ. எல்லாம் திறந்தபடி கிடக்கு.' அதுதான் சொன்னவ."

அவன் என் முகத்தைப் பார்க்காமல் எழும்பிப் போய்த் தன் படத்திலிருந்து மாலையைக் கழற்றினான். கழற்றிவிட்டு அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

"புதுசு ஒண்டு வாங்குவம் அத்தான்."

"வேண்டாம். இது அக்கா தேடித் தெரிஞ்செடுத்தது. இது காணும்."

விசாப் படத்தை இறக்கினோம். அந்த ஆணியில் விரித்த படத்தைக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டேன். அவன் கையிலிருந்த மாலையை வாங்கிக்கொண்டு கதிரையில் ஏறினேன். ஒரு கால் ஆடுகிற கதிரை அது. சேந்தன் பிடித்துக்கொண்டு நின்றான்.