கம்பிச்சுருளில் ஒரு மெழுகுவர்த்தி

மே 6, செவ்வாய்

வெள்ளிக்கிழமை பள்ளியில் குடியேற்றக் கால நாள், எல்லாரும் 1770-களின் அமெரிக்கர்களாக வேஷம் போட வேண்டும். வெள்ளைத் தொப்பிக்கு நாடா தைத்துத் தைத்து விரலெல்லாம் புண். அப்பா எட்டிப் பார்த்து, "நாப்பது வயசுல மாறுவேஷமா?" என்றார். ஐந்தாம் வகுப்பு டீச்சருக்கு இதை விட்டால் வேறு வேஷம் ஏது?

மே 7

வரலாற்றுச் சங்கத்துக் கொல்லர் உலை போட இடம் பார்க்க வந்தார். முக்கோணத் தொப்பி, தோல் ஏப்ரன், முழங்கால் வரை காலுறை. அந்த உடையில் இருக்கும்வரை 1774-ஐ விட்டு வெளியே வரக் கூடாது என்பது அவர்கள் சங்கத்தின் விதி. பேர் ஜோசையாவாம். போன் நம்பர் கேட்டேன், வேலை விஷயமாகத்தான். "நம்பரா? பாஸ்டனுக்குக் குதிரையில ஆள் அனுப்புங்க, வந்துடறேன்" என்றார், முகம் மாறாமல். காரில் ஏறியும் சிரிப்பு நிற்கவில்லை.

மே 8

இன்று எத்தனை முறை தலை சீவினேன்! தொப்பிக்குள் யார் பார்க்கப் போகிறார்கள்?

மே 9

எங்கே தொடங்குவது?

காலையில் பிள்ளைகள் ஜாடியில் பாலாடையைக் குலுக்கி வெண்ணெய் எடுத்தார்கள், பாதி தரையில். பிறகு உலைக்குப் போனோம். சாமர்த்தியமாகக் கேட்பதாக நினைத்து, உங்கள் மனைவி நூல் நூற்பாரா என்றேன். "போன பனிக்காலம் அம்மையில போயிட்டா" என்றார். பிள்ளைகள் உச்சுக் கொட்டினார்கள். எனக்கோ தலை சுற்றியது. இது 1774-ன் மனைவியா, இவருடைய மனைவியா? துக்கம் விசாரிப்பதா, சந்தோஷப்படுவதா? சே, என்ன ஜென்மம் நான்!

அடுத்து, அடியில் திருகு குமிழ் வைத்த ஓர் இரும்புக் கம்பிச்சுருளை எடுத்து நடுவில் மெழுகுவர்த்தியை வைத்தார். அந்தக் காலத்தில் பெண் பார்க்க எவனாவது வந்தால், பெண்ணின் அப்பா இதை ஏற்றி வைப்பாராம். பையனைப் பிடித்தால் குமிழைத் திருகி மெழுகுவர்த்தியை உயர்த்துவார், பிடிக்காவிட்டால் இறக்குவார். மெழுகு உருகிக் கம்பியின் மேல் விளிம்பைத் தொட்டதும் பையன் எழுந்து போய்விட வேண்டும்.

டெஸ்மண்ட் கை தூக்கினான். "எங்க மிஸ்ஸைப் பார்க்க நீங்க போனா எவ்ளோ உயரம் வேணும்?"

ஜோசையா குமிழைத் திருகினார், திருகினார், மெழுகுவர்த்தி மேலே ஏறி ஏறிக் கழன்று கீழேயே விழுந்துவிட்டது. வகுப்பே கூத்தாடியது. என் முகம் உலையை விடச் சிவந்திருக்கும்.

சாயங்காலம், கார் நிறுத்துமிடத்தில் தொப்பியைக் கழற்றினார். "என் பேரு வெண்டெல். அந்த மனைவி, சங்கத்துல எழுதிக் குடுத்த கதை. எனக்குக் கல்யாணமே ஆகல. உங்க நம்பர் கிடைக்குமா?"

"பாஸ்டனுக்குக் குதிரையில ஆள் அனுப்புங்க" என்றேன்.

அப்புறம் கொடுத்துவிட்டேன். நான் என்ன முட்டாளா?

மே 14

வெண்டெல் அந்தக் கம்பிச்சுருளை எனக்கே கொடுத்துவிட்டார். சனிக்கிழமை சாப்பிட வருகிறார். அப்பாவிடம் சொன்னேன், கம்பிச்சுருளின் விதியையும் சொன்னேன். நான் அழைத்துவந்த யாரையும் அப்பாவுக்குப் பிடித்ததில்லை. "அப்போ குமிழ் என் கையில" என்றார். ஏன்தான் சொன்னேனோ!

மே 17, சனி

அப்பா இறக்கித்தான் வைத்தார், விரல் நுனியளவுதான் கம்பிக்கு மேலே தெரிந்தது. கோழிக்கறி முடிவதற்குள் மெழுகு கம்பியைத் தொட்டுவிட்டது. வெண்டெல் எழுந்து கோட்டை எடுத்தார். விதியாவது மண்ணாவது, உட்காருங்க என்று கத்த வாயெடுத்தேன்.

அப்பா தட்டிலிருந்து தலை நிமிராமல் கையை நீட்டிக் குமிழை மேலே திருகினார்.

"இனிப்புக்கு ஆப்பிள் பை இருக்கு. உக்காருப்பா."

மறுபடியும் மெழுகு கம்பியைத் தொட்டது. மறுபடியும் திருகினார்.