சம்பந்தியோடு பேசிய பத்து நிமிஷம்

காப்பார் சாலை, கிள்ளான்
11 அக்டோபர் 2025

அன்பு மகள் விவியனுக்கு,

அப்பாவும் அம்மாவும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் அவர் வீட்டாரும் நலமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறோம்.

மூன்று வாரமாக நீ போன் எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் நீலக் கோடு விழுகிறது, பதில் வரவில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன். ஆறு வருஷம் தமிழ்ப்பள்ளியில் படித்தவள், அப்பா கையெழுத்தை வாசித்துவிடுவாய்.

அம்மா பிரிக்பீல்ட்ஸ் போய் டிசம்பருக்குச் சேலை பார்த்துவிட்டு வந்தாள். ஃபாதர் தேதியை உறுதி செய்யச் சொல்கிறார். அங்கே இங்கிலாந்தில் நீங்கள் பதிவுத் திருமணம் செய்தபோது எங்களால் வர முடியவில்லை. கிள்ளானில் கோயிலில் வைத்து எல்லாரும் பார்க்கக் கல்யாணம் என்றுதான் நமக்குள் பேச்சு. இப்போது சம்பந்தி வர விருப்பமில்லை என்கிறாராம், அவர் வராவிட்டால் நீயும் வேண்டாம் என்கிறாயாம். மாப்பிள்ளைதான் அம்மாவிடம் சொன்னார். எல்லாம் என் வாயால் வந்த வினை. நடந்ததை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

எங்கள் வேர்ஹவுஸ் ஆபீசில் தாமரை என்று ஒரு பெண் இருக்கிறாள். செப்டம்பர் பத்தொன்பதாம் தேதி உலகம் முழுக்கக் கடற்கொள்ளைக்காரன் மாதிரி இங்கிலீஷ் பேசும் நாளாம், நாமும் பேசுவோம் என்று கிளப்பிவிட்டாள். அன்றைக்கு ஹலோ கிடையாது, ‘அஹோய்’. யெஸ் பாஸ் கிடையாது, ‘ஐ ஐ கேப்டன்’. எதைச் சொன்னாலும் முன்னால் ஒரு ‘ஆர்ர்ர்’ போட வேண்டும். மறந்து சாதாரணமாகப் பேசிவிட்டால் மற்றவர்களுக்கெல்லாம் கடையில் தே தாரிக் டீ வாங்கித் தர வேண்டும்.

முப்பத்தைந்து வருஷமாக என் இங்கிலீஷ் ‘யெஸ் பாஸ், கேன் பாஸ்’ என்பதோடு சரி. மீட்டிங்கில் பதில் நெஞ்சு வரை வரும், வாய்க்கு வராது. அன்றைக்கு ஒரு கண்ணில் கறுப்புத் துணியைக் கட்டினேன் பார், வேறு ஆளாகிவிட்டேன். (ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும்போது அவிழ்த்துவிட்டேன், பயப்படாதே.) நம் நாக்குக்கு ‘ஆர்ர்ர்’ சொல்லித் தர வேண்டுமா என்ன! லோரி ஓட்டும் இராமலிங்கத்தைக் கிழட்டுக் கடல்நாயே, நங்கூரத்தைத் தூக்கு என்று இங்கிலீஷிலேயே விரட்டினேன். மேனேஜரைப் பார்த்து, சரக்கு மூன்று மணிக்குள் ஏறாவிட்டால் உம்மைப் பலகைமேல் நடக்கவிட்டுக் கடலில் தள்ளுவேன் என்றேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எல்லாரும் சிரித்தது கொள்ளைக்காரனைப் பார்த்து, உன் அப்பா சிரிலைப் பார்த்து அல்ல. நான் ஒரு கிளாஸ் தே தாரிக் கூட வாங்கித் தரவில்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் வேலைக்குப் போய் வந்த நாள் வேறு இல்லை.

மறுநாள் சனிக்கிழமை உன் வீடியோ கால். நீ காப்பி போடப் போனாய், சம்பந்தி வந்து உட்கார்ந்தார். வழக்கமாக நான் ஹவ் ஆர் யூ கேட்டுவிட்டுப் போனை அம்மாவிடம் தள்ளிவிடுவேன். இந்த இரண்டு வருஷத்தில் அவர் பேசி நான் முழுசாகக் கேட்டதே கிடையாது. அன்றைக்குத்தான் கேட்டேன். மழையைப் பற்றியும் மாடுகளைப் பற்றியும் என்னவோ சொன்னார். சொல்லுக்குச் சொல் ‘ர்’ உருண்டு வந்தது. அச்சு அசல் கொள்ளைக்காரன்! அம்மா உனக்கு அனுப்பிய என் படத்தைக் காட்டி முந்தின நாள் கூத்தை நீ அவரிடம் சொல்லியிருக்கிறாய், மனிதர் என்னோடு விளையாடுகிறார் என்று நினைத்துவிட்டேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு கண்ணை மூடிக்கொண்டு ‘ஆர்ர்ர்’ என்றேன். பிறகு பத்து நிமிஷம் நான் அடங்கவே இல்லை. அவர் மாடுகளையெல்லாம் கப்பலில் ஏற்றி வரச் சொன்னேன். டிசம்பரில் இரண்டு பேரும் சேர்ந்து கிள்ளான் துறைமுகத்தைப் பிடித்துவிடலாம் என்றேன். உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கெக்கெக்கே என்று சிரித்தாள், அது வேறு எனக்கு ஏற்றிவிட்டது. அவர் எழுந்து போனபோதுகூடத் தொப்பி எடுத்துவரப் போகிறார் என்றுதான் காத்திருந்தேன்.

பிறகு உன் மெசேஜ் வந்தது. அது அவர் ஊர்ப்பேச்சு, அங்கே எல்லாரும் அப்படித்தான் பேசுவார்கள், லண்டனில் படித்ததால்தான் மாப்பிள்ளைக்கு மாறிப்போனது என்று எழுதியிருந்தாய். பதினெட்டு வயதில் சம்பந்தி லண்டனுக்கு வேலைக்குப் போனபோது, அவர் வாயைத் திறந்தாலே கூட இருந்தவர்கள் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு ‘ஆர்ர்ர்’ என்பார்களாமே. மூன்றே மாதத்தில் ஊர் திரும்பிவிட்டாராமே. அதைப் படித்துவிட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஏனென்றால் அது எனக்கும் நடந்தது. உனக்குச் சொன்னதில்லை. ஒரு வருஷம் ஆபீஸ் விருந்தில் மேடையில் ஏறிய ஓர் ஆள், ‘யெஸ் பாஸ், கேன் பாஸ்’ என்று என்னை மாதிரியே தோளைக் குறுக்கிப் பேசிக் காட்டினான். நானும் சேர்ந்து கைதட்டினேன். அதன் பிறகு எந்த விருந்துக்கும் போகவில்லை, காய்ச்சல் என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட நான் போய், என்னை மாதிரியே ஒரு மனிதரை நோகடித்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது விவியன்.

இந்த உறைக்குள் அவருக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். இங்கிலீஷில் நானே எழுதினேன். தாமரை திருத்தித் தருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். நீயும் திருத்தாமல் அப்படியே அவர் கையில் கொடு. மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். நான் அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை, ஒரு வெள்ளைக்காரரோடு பயமில்லாமல் நான் பேசியது என் வாழ்நாளில் அந்தப் பத்து நிமிஷம்தான், அதனால் நிறுத்தத் தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறேன்.

அவர் வந்தால் தலைமேல் வைத்துக் கொண்டாடுவேன். மனசு வராவிட்டாலும் அவர்மேல் குறை இல்லை. நீ மட்டும் வராமல் இருந்துவிடாதே அம்மா. கோயில் வாசலிலிருந்து பீடம் வரை உன் கையைப் பிடித்துக் கூட்டிப்போக வேண்டும். நான் வாயே திறக்கமாட்டேன்.

ஆண்டவர் உங்கள் இருவரையும் காக்கட்டும்.

உன் அப்பா
சிரில்