கஞ்சியில் கலந்த வெயில்

நாள் 611 | 06:20
மருத்துவப் பதிவு. எழுதுபவர் டாக்டர் அலர்மேலு, வயது 67. இடம், நிலவின் தென்முனை, பனிக்கட்டிச் சுரங்கம், பாறைக்கு நாற்பது மீட்டர் கீழே. ஆட்கள் மூன்று. காற்று சரி. நீர் சரி. வெயில் இல்லை.

இதைக் கண்டெடுப்பவருக்கு ஒரு விளக்கம். எங்களை அனுபவத்துக்காகத் தேர்ந்தெடுத்ததாகச் செய்தியில் போட்டார்கள். பொய். நிலவில் வேலை பார்த்தால் கதிர்வீச்சில் புற்றுநோய் வர இருபது வருடம் ஆகும். எங்களுக்கு அவ்வளவு ஆயுசு இல்லை என்று கணக்குப் போட்டு அனுப்பினார்கள்.

வைட்டமின் டி (30 இருக்க வேண்டும்): எனக்கு 15, நீர்ச் சுத்திகரிப்பு பார்க்கும் நைனா முகமதுக்கு 12, துளை இயந்திர மெக்கானிக் ஞானசௌந்தரிக்கு 17. சிறுநீரக வடிகட்டல் (60க்கு மேல் நல்லது): எனக்கு 48, நைனாவுக்கு 51, அவளுக்கு 77. எனக்கு ஒரே சிறுநீரகம். மற்றதைத் தம்பிக்குக் கொடுத்தேன். என்னை வழியனுப்பக்கூட அவன் வரவில்லை.

டி அளவு பார்க்கும் அட்டை இன்னும் மூன்றுதான் இருக்கிறது. கடைசிச் சோதனைக்கு எடுத்து வைத்துவிட்டேன்.

நாள் 612 | 09:05
பூமியின் தரை நிலையத்திலிருந்து வந்த செய்தி, அப்படியே:
"திரும்பும் கலம் நாள் 690. இருக்கைகள் இரண்டு. டி அளவு 30க்குக் கீழே உள்ளவர்களின் எலும்பு தரையிறக்கத்தைத் தாங்காது, ஏற்ற இயலாது. வடிகட்டல் 30க்குக் கீழே இருந்தாலும் ஏற்ற இயலாது. மூவரும் தேறினால் வடிகட்டல் குறைந்தவர் அடுத்த கலத்துக்குக் காத்திருக்க வேண்டும். அடுத்த கலம் பதினான்கு மாதங்கள் கழித்து. உங்கள் சேவைக்கு நன்றி."

குறைந்தவள் நான். நன்றியை அவர்களே வைத்துக்கொள்ளட்டும்.

நாள் 613 | 07:40
ஆளுக்கு வாரம் ஒரு பாக்கெட் வைட்டமின் டி பொடி, அறுபதாயிரம் யூனிட். நைனாவிடம் நேரில் சொன்னேன். சௌந்தரிக்குச் சீட்டெழுதிக் கதவிடுக்கில் தள்ளினேன். எனக்கும் அவளுக்கும் 214 நாளாகப் பேச்சில்லை. அளவுக்கு மேல் தண்ணீர் எடுத்துத் தலை குளித்தாள், நான் தரை நிலையத்துக்கு எழுதினேன், அவளுக்கு ஒரு மாதச் சம்பளம் பிடித்தார்கள். செய்தது சரி என்றுதான் இன்றும் சொல்வேன்.

அவள் சமைக்கிறாள், நான் சாப்பிடுகிறேன். தட்டு மட்டும் இருவருக்கும் இடையில் போய் வரும்.

இன்டர்காம் மூன்று அறைக்கும் பொது. நான் கேட்பது தெரிந்தே அவள் நைனாவிடம் பேசினாள்:
"அண்ணாச்சி, வாரத்துக்கு ஒண்ணு போட்டா எந்தக் காலத்துல முப்பதுக்கு ஏறும்? நம்ம ரெண்டு பேரையும் இங்கயே போட்டுட்டு அந்தம்மா மட்டும் போவப் பாக்குதா. எனக்குத் தெரியாதா?"

பொத்தானை அழுத்திப் பதில் சொல்லியிருக்கலாம். வாரக்கணக்கில் ஏன் கொடுக்கிறோம் என்று விளக்க ஒரு நிமிடம் போதும். அவளிடம் நானாகப் போய்ப் பேசுவதா?

நாள் 634 | 06:30
காலைக் கஞ்சியில் பால்பவுடரை அள்ளிக் கொட்டுகிறாள். கொஞ்ச நாளாக லேசாக இனிக்கவும் செய்கிறது. திடீர்ப் பாசம் எதற்கு என்று தெரியவில்லை. உப்பும் அதிகமாக இருக்க வேண்டும், எனக்கு ஓயாத தாகம். என் அலமாரியில் பாக்கெட்டுகளை எண்ணினேன். சரியாக இருக்கிறது. சாவி என்னிடம்தான்.

நாள் 655 | 10:15
நைனாவின் ரத்தத்தில் கால்சியம் 11.6. பத்தரையைத் தாண்டக்கூடாது. வடிகட்டல் 39.

இன்டர்காமில் அவர்: "டாக்டரம்மா, நாக்கு வறண்டு போவுது. எவ்வளவு குடிச்சாலும் அடங்கல. வயிறும் கட்டிப்போச்சு. வயசாயிட்டா இப்படித்தானோ?"

ஆமாம் என்றேன்.

39 என்பது 48ஐ விடக் குறைவு. இனிக் காத்திருக்க வேண்டியவர் அவர். மறு பரிசோதனை தேவையில்லை. தண்ணீர் குறைவாகக் குடிக்கிறார் போலிருக்கிறது.

நாள் 665 | 11:00
நைனாவுக்குக் கால்சியம் 12.9. வடிகட்டல் 29. மூன்று நாளாக வாந்தி.

எனக்கும் குமட்டல். மலச்சிக்கல். மணிக்கு ஒரு முறை கழிவறை. சௌந்தரியின் சமையல் லட்சணம். என் ரத்தத்தைப் பார்த்துக் கால்சியம் அட்டையை வீணாக்க வேண்டியதில்லை, என் உடம்பு எனக்குத் தெரியும்.

இருபத்தைந்து நாள் பொறுத்தால் போதும். தம்பி வீட்டு வாசலில் போய் நிற்பேன். ஒரு வார்த்தை பேசமாட்டேன். நின்றுவிட்டு வந்துவிடுவேன்.

நாள் 671 | 08:10
நைனா என்னைத் தன் அம்மாவாக நினைத்து உம்மா என்று கூப்பிட்டார். வால்வு எந்தப் பக்கம் திருகுவது என்று தெரியாமல் நின்றிருக்கிறார். பின்னாலேயே இன்டர்காம். 272 நாள் கழித்து அவள் குரல், என்னிடம்:

"டாக்டரம்மா, கேக்கியளா? நாந்தான். அடுக்களை ஸ்டோர்ல ஒரு பெட்டி கெடந்துச்சு, டி பொடி, எரநூறு பாக்கெட். உங்களுக்குத் தெரியாது. தெனமும் கஞ்சியில போட்டேன், ஆளுக்கு ஒண்ணுன்னு மூணு. சத்துதானே, கூடுனா என்ன செய்யும்னு நெனச்சேன். அண்ணாச்சிய என்ன பண்ணுது அது? சொல்லுங்க, என்ன பண்ணுது?"

ஆளுக்கு ஒன்று என்றாள். மூன்று என்றாள்.

நாள் 671 | 08:45
என் கால்சியம் 14.2. வடிகட்டல் 16.

நாள் 671 | 13:30
படித்தவள் என்பதால் எழுதிவைக்கிறேன். வெயிலில் தோல் தேவைக்கு மேல் டி செய்யாது, நிறுத்திக்கொள்ளும். பாக்கெட்டுக்கு அந்தப் புத்தி இல்லை. மிஞ்சியது கொழுப்பில் தங்கும், மாதக்கணக்கில் போகாது. குடல் பால்பவுடரில் உள்ள கால்சியத்தை இழுத்து இழுத்து ரத்தத்தில் கொட்டும். கிழட்டுச் சிறுநீரகம் அதை வடிகட்டியே சாகும். அவளுக்கு இரண்டும் நல்ல சிறுநீரகம், தாக்குப்பிடிக்கிறாள். எனக்கு ஒன்று.

655ஆம் நாளே கஞ்சியை நிறுத்தச் சொல்லியிருந்தால் நைனா தப்பியிருப்பார். நானும்தான். தண்ணீர் குறைவு என்று அன்று எழுதியது பொய். சிறுநீர் அளவைக் குறித்து வைத்திருந்தேன், நிறையக் குடித்துக்கொண்டிருந்தார். ஏதோ நடக்கிறது என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டேன். பதினாறு நாள்.

கால்சியத்தைக் கழுவ நரம்பில் ஏற்றும் உப்பு நீர் எட்டு பைகள் இருக்கின்றன. ஒருவருக்குத்தான் போதும். இங்கே செய்ய வழியில்லை.

நாள் 671 | 15:00
முதல் பையை என் கையில் மாட்டினேன்.

நாள் 671 | 15:20
கழற்றினேன். ஊசியை மாற்றி அவர் கையில் குத்தினேன். பெருமையாக எண்ண வேண்டாம். அவர் அறைக்கதவு திறந்திருந்தது. "உம்மா, தண்ணி" என்றே சொல்லிக்கொண்டிருந்தார், காது கொடுத்துக் கேட்க முடியவில்லை.

நாள் 676 | 09:00
எட்டும் தீர்ந்தன. நைனாவின் வடிகட்டல் 31. தன் பெயர் சொல்கிறார். என் பெயரும். பால்பவுடரைக் குப்பையில் போட்டாயிற்று. சௌந்தரி என் அறை வாசலில் உட்கார்ந்து அழுகிறாள். அழுகையை நிறுத்து, தண்ணீர் வீண் என்றேன். நான் அவளிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

என் எழுத்து கோணுகிறது. சில சொற்கள் வர நேரமாகிறது.

நாள் 689 | 10:00
கடைசிச் சோதனை. டி: நைனா 178, சௌந்தரி 164, நான் 191. வடிகட்டல்: நைனா 34, சௌந்தரி 52, நான் 9.

திருத்தாமல் அனுப்பினேன். பதில் வந்தது:
"மூவரின் வைட்டமின் டி அளவும் குறைந்தபட்ச வரம்பைச் சிறப்பாகத் தாண்டியுள்ளது. வாழ்த்துகள். டாக்டர் அலர்மேலு அடுத்த கலத்துக்குக் காத்திருக்கவும்."

வாசித்துவிட்டுச் சிரித்தேன், வாந்தி வந்தது.

நாள் 690 | 07:15
சௌந்தரி இன்டர்காமில்: "நான் இருந்துக்கிடுதேன். உங்கள இப்படிப் போட்டுட்டுப் போவ எனக்கு மனசு வரல. தரை நிலையத்துக்காரங்க என்ன எழுதுனாலும் எழுதட்டும்."

கலத்தில் நைனாவுக்குத் தண்ணீர் கொடுக்க ஆள் வேண்டும், போய்த் தொலை என்றேன். அப்படித்தான் சொன்னேன். வேறு மாதிரிச் சொல்லத் தெரியவில்லை. போகும்போது கதவிடுக்கில் ஒரு சீட்டு தள்ளினாள். எடுக்கக் குனிந்தால் தலை சுற்றுகிறது. அங்கேயே கிடக்கிறது.

நாள் 692
நேரம் பார்க்கவில்லை. கால் வீங்கி இருக்கிறது. நைனாவின் அறையிலிருந்து "உம்மா, தண்ணி" என்கிற சத்தம். அவர் கலத்தில் போய்விட்டார், தெரியும்.

கஞ்சி நானே காய்ச்சினேன். இனிக்கவில்லை. தம்பிக்குச் சொல்ல வேண்டும் எதையோ. மறந்து

நாள் 69
இன்டர்காம் பொத்தான் சிவப்பு. அழுத்தினேன். சௌந்தரி, வாரத்துக்கு ஒன்று ஏன் என்றால், கேள், ஒரு நிமிடம்தான் ஆகும், சொல்லிவிடுகிறேன் என்றேன்.

விளக்கிச் சொன்னேன். எல்லாம் சொன்னேன். மூன்று அறையிலும் என் குரல் கேட்டது.

பதில் வரவில்லை. அவளுக்கு இன்னும் கோபம் போல