கண்ணாடியில் தொங்கிய ஹெல்மெட்

ஆவணி 9, செவ்வாய்

நம்ம பேண்டேஜ் துணியைக் கடைகடையாகக் கொண்டு போடுகிற மாரிமுத்து, ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் பைக்கோடு விழுந்துவிட்டான். தலையில் தையல். காலை வரை பார்த்துத்தான் சொல்ல முடியும் என்கிறார் டாக்டர். ஹெல்மெட் வண்டிக் கண்ணாடியில் தொங்கிக்கொண்டு இருந்ததாம்.

ஆஸ்பத்திரியில் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏலே, தொங்கப்போடவா அதை வாங்கிக் கொடுத்தேன்?" என்று சத்தம் போட்டேன். அவன் கண்ணைத் திறக்கவில்லை. அவன் பெண்டாட்டிதான் மெதுவாகச் சொன்னாள்.

"அதை மாட்டுனா போன் அடிக்கது கேக்காது அண்ணாச்சி. உடனே எடுக்கலைன்னா நீங்க ஏசுவியன்னு இவிய கழத்திருவாவ."

அவன் விழுந்த நேரத்தில் கூப்பிட்டது நான்தான். சரக்கு விஷயம்கூட இல்லை. வரும்போது அரைக்கிலோ பால்கோவா வாங்கிட்டு வா என்று சொல்லத்தான். அதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. ஆஸ்பத்திரிச் செலவு என்னுது என்று மட்டும் சொன்னேன். கையெடுத்துக் கும்பிட்டாள்.

வீட்டுக்கு வந்து, எப்படி இருக்கிறான் என்று கேட்க இப்போது போனை எடுத்தேன். அவள் நம்பர் என்னிடம் இல்லை. அவன் போன் தலைமாட்டில்தான் இருக்கும். அடித்தால் பதறி எழுந்திருப்பான். வைத்துவிட்டேன்.